புகைபோக்கிகள் தெரியும் இடம்: அப்பாவுக்குக் காட்ட விரும்பும் ஒரு ஜப்பானியப் படம்

கத்திவாக்கத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கும் ஓர் ஆசையைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

ஹெய்னோசுகே கோஷோ இயக்கி 1953இல் வெளிவந்த ஜப்பானியப் படம் ஒன்று உண்டு. அதன் பெயரைத் தமிழில் ‘புகைபோக்கிகள் தெரியும் இடம்’ என்று சொல்லலாம். மூர் மார்க்கெட் என்று நாம் இன்றும் வாய் தவறாமல் சொல்லும் அல்லிக்குளம் கடைகளில், அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கியபோதுதான் இந்தப் படத்தைப் பற்றி முதன்முதலில் அறிந்தேன். அரைப் பக்கத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தார்கள். தாழ்ந்த கூரை வீடுகள், அவற்றுக்குப் பின்னால் வானத்தில் நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கிகள். அவை மொத்தம் நான்கு என்றும், பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மூன்றாகவும் இரண்டாகவும் சில இடங்களில் ஒன்றாகவும் தெரியும் என்றும் அதன் கீழே எழுதியிருந்தது.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால், பத்து வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அது. பள்ளி விடுமுறையில் அப்பாவின் நண்பர் ஒருவர் எங்களை எண்ணூர் கழிமுகத்தில் படகில் அழைத்துப் போவார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அத்திப்பட்டுத் திசையில் தெரியும் புகைபோக்கிகள், படகு நகர நகர ஒன்றின் பின் ஒன்றாக ஒளிந்துகொள்ளும். “எத்தனை இருக்கு, எண்ணு பார்க்கலாம்” என்று அப்பா கேட்பார். நான் சொல்லும் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறும். அவர் சிரிப்பார்.

அப்பா ஓர் அனல்மின் நிலையத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு 74 வயதாகிறது. மூட்டு வலி வந்த பிறகு படியிறங்குவதே குறைந்துவிட்டது. மத்தியானம் தொலைக்காட்சியில் போடும் பழைய சிவாஜி படங்கள்தான் அவருக்குப் பொழுது. இந்த ஜப்பானியப் படத்தை ஒருமுறையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழ் சப்டைட்டில் எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை.

எனவே என் கேள்விகள் இவை. இந்தப் படத்தை முழுமையாகப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? படம் உண்மையிலேயே அந்தப் புகைபோக்கிகளைப் பற்றியதுதானா, அல்லது நான்தான் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மனத்தில் வேறு ஏதோ கதையை வளர்த்துக்கொண்டிருக்கிறேனா? அது கிடைக்கும் வரை, ஜப்பானியப் படம் எதையும் பார்த்திராத அப்பாவுக்கு எதிலிருந்து தொடங்குவது நல்லது? எல்லோரும் ‘செவன் சாமுராய்’ என்கிறார்கள். 207 நிமிடப் படத்துக்கு அவரால் உட்கார முடியுமா என்று தயங்குகிறேன்.

பெரம்பூர் பழைய ரசிகர் எழுதியது:

தம்பி, நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த டிவிடி, ஆங்கில சப்டைட்டிலோடு, இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் சற்றே தடுமாறும், மற்றபடி நன்றாக ஓடுகிறது.

அந்தப் புகைபோக்கிகள் படத்துக்காகக் கட்டிய செட் அல்ல. டோக்கியோவின் வடபகுதியில், சுமிதா ஆற்றங்கரையில் இருந்த செஞ்சு அனல்மின் நிலையத்தின் உண்மையான புகைபோக்கிகள் அவை. நான்கையும் சதுரமாக நிறுத்தாமல், நசுங்கிய சாய்சதுரம் போன்ற அமைப்பில் நிறுத்தியிருந்தார்கள். அதனால்தான் தெருவுக்குத் தெரு எண்ணிக்கை மாறியது. அந்தப் பகுதி மக்கள் அவற்றைப் பேய்ப் புகைபோக்கிகள் என்று அழைத்தார்கள். நிலையம் 1963இல் மூடப்பட்டது, மறு ஆண்டே புகைபோக்கிகளை இடித்துவிட்டார்கள். ஆகவே இன்று டோக்கியோவுக்கே போனாலும் அவற்றை நீங்கள் பார்க்க முடியாது. படத்தில் மட்டும்தான் நிற்கின்றன.

ஆனால் படம் புகைபோக்கிகளைப் பற்றியது அல்ல, அவற்றின் அடியில் குடியிருப்பவர்களைப் பற்றியது. நடுவயதுத் தம்பதி ஒரு சிறிய வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பணம் போதாததால் மாடியறைகளை ஓர் இளைஞனுக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே மெல்லிய தடுப்புதான். ஒரு நாள் வீட்டுக்குள் யாரோ ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். விட்டுப் போனவன், போரில் இறந்துவிட்டதாக அந்தத் தம்பதியில் மனைவி நம்பியிருந்த அவளுடைய முதல் கணவன். அதன் பிறகு அந்தக் குழந்தையின் அழுகை வீட்டில் யாரையும் தூங்கவிடுவதில்லை. மனைவியாக நடித்த கினுயோ தனகாவின் முகத்தில் பயம், வெட்கம், இரக்கம் மூன்றும் மாறி மாறி வருவதைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோஷோவைப் பற்றி இன்னொரு தகவல். ஜப்பானின் முதல் முழுமையான பேசும் படத்தை 1931இல் எடுத்தவர் இவர்தான். பக்கத்து வீட்டு ஜாஸ் இசையின் இரைச்சலால் எழுத முடியாமல் தவிக்கும் ஒரு நாடக ஆசிரியரின் கதை அது, அதிலும் மனைவியாக நடித்தவர் தனகாதான். சத்தம் புதிதாக வந்த காலத்தில் சத்தத்தையே கதையாக்கிய மனிதர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு குழந்தையின் அழுகையை வைத்து ஒரு படத்தை நடத்துகிறார் என்பதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. அதே 1931இல்தான் நம்முடைய ‘காளிதாஸ்’ வந்தது. கோஷோவின் படத்தை இன்றும் பார்க்கலாம். ‘காளிதாஸ்’ படத்தின் ஓர் அடிகூட நமக்கு மிஞ்சவில்லை.

வியாசர்பாடி வாசகன் எழுதியது:

நீளத்தை நினைத்துத் தயங்க வேண்டாம் அண்ணா. ‘செவன் சாமுராய்’ படத்தில் இடைவேளையும் உண்டு, நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்று மணி நேரப் படங்களைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள். விளைந்ததைக் கொள்ளையர் கொண்டுபோய்விடுவார்களே என்று ஊர் கூடி அழும் தொடக்கப் பகுதி எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

இருந்தாலும் எனக்குப் பிடித்தது யமனாகா சதாவோ 1937இல் எடுத்த ‘மனிதமும் காகிதப் பலூன்களும்’. சாமுராய்களின் ஆட்சி நடந்த எடோ காலத்து ஏழைகள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகள்தான் களம். ஒரே சந்து, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி அறைகள், ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அப்படியே நம் ஒண்டுக்குடித்தனம். முதல் காட்சியில் ஒருவர் தூக்குப்போட்டு இறந்துபோகிறார். துக்கம் காக்க என்று வீட்டுக்காரரிடம் பேசிப் பேசிச் சாராயச் செலவை வாங்கிவிடுகிறார்கள் குடியிருப்பவர்கள். சாவு வீட்டில் சிரிப்பும் பாட்டும் கேட்கின்றன. எங்கள் பகுதியில் சாவுக்கு அடிக்கும் மேளத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யமனாகா இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர், இன்று முழுமையாகக் கிடைப்பவை மூன்றே மூன்று. இந்தப் படம் வெளிவந்த கையோடு அவரைப் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். சீனப் போர்முனையில் நோயுற்று 1938இல் இறந்தபோது அவருக்கு வயது 28.

கொருக்குப்பேட்டை ஆசிரியை எழுதியது:

கத்திவாக்கத்துச் சகோதரருக்கு வணக்கம். உங்கள் கேள்விகளில், அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்ற ஒற்றை வரி என்னை நிறுத்திவிட்டது. என் அம்மாவுக்கும் தெரியாது. அதனால் நான் செய்து பார்த்ததையே சொல்கிறேன்.

முதலில் வசனமே இல்லாத படத்திலிருந்து தொடங்குங்கள். கனேத்தோ ஷிண்டோ 1960இல் எடுத்த ‘நேக்கட் ஐலேண்ட்’ கிட்டத்தட்ட பேச்சே இல்லாத படம். ஒன்றரை மணி நேரம்தான். ஷிண்டோவின் சிறிய நிறுவனம் மூடப்படும் நிலையில் இருந்தபோது, கையில் இருந்த கொஞ்சப் பணத்தில் சிறு குழுவோடு எடுத்தது. 1961இல் மாஸ்கோ விழாவில் பெருவிருது பெற்று, பல நாடுகளுக்கு விலைபோய், அந்த நிறுவனத்தையே காப்பாற்றியது.

ஜப்பானின் உள்நாட்டுக் கடலில், குடிநீரே இல்லாத ஒரு சிறிய தீவு. அதில் ஒரே ஒரு குடும்பம் இருக்கிறது. கணவனும் மனைவியும் விடியும் முன்பே படகில் பக்கத்துத் தீவுக்குப் போய், மர வாளிகளில் தண்ணீர் மொண்டு, திரும்பி வந்து, காவடி போலத் தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் வாளிகளைத் தொங்கவிட்டு, செங்குத்தான மேட்டில் ஏறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள். படத்தின் பெரும்பகுதி இதுதான். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். வாளி ஆடும், கம்பு வளையும், தண்ணீர் மட்டும் சிந்தாது. செடிக்கு ஊற்றியதும் காய்ந்த மண் அதை அப்படியே உறிஞ்சிவிடும்.

இதை நான் பார்த்தது 2019 கோடையில். புழல் ஏரி வறண்டு, தெருமுனைத் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்று தெரியாமல், இரவு இரண்டு மணிக்குக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு நாங்கள் காத்திருந்த நாட்கள் அவை. அந்தப் படத்தில் ஓர் இடத்தில் மனைவிக்குக் கால் இடறி ஒரு வாளி கவிழ்ந்துவிடும். கணவன் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு வந்து அவளை ஓங்கி அறைவான். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. “அடிக்கிறான் பார், பாவி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு குடம் போச்சுன்னா இன்னொரு நடை” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அவனை அம்மா மன்னிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாளியின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது. படத்தின் கடைசிப் பகுதியில் அதே மனைவி, ஒரு பெரிய இழப்புக்குப் பிறகு, ஒரு வாளித் தண்ணீரைத் தானே கவிழ்ப்பாள். அப்போது அவன் என்ன செய்கிறான் என்பதை நீங்களே பாருங்கள்.

இரண்டாவதாக, ஓசு யசுஜிரோ 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’. இதில் வசனம் உண்டு, நிறையவே உண்டு. எனவே நானே ஆங்கிலத்தைப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் கால் மணி நேரம் மிகவும் சிரமப்பட்டேன். எழுத்தை மொழிபெயர்த்தால் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. பிறகு, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அந்தக் கிழவியை எங்கள் ஆயா பேசுவதுபோலப் பேசவிட்டேன். அழகு நிலையம் நடத்தும் மகளை, பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் உறவில் ஒருவர் மாதிரி பேசவிட்டேன். அதன் பிறகு அம்மா என்னைக் கவனிக்கவே இல்லை, திரையை மட்டும்தான் பார்த்தார்.

ஓசு கேமராவை மிகவும் தாழ்த்தி, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் கீழேகூட வைப்பார் என்று எல்லாப் புத்தகங்களிலும் எழுதியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவரை எனக்கு அது வெறும் தகவல்தான். அன்று அம்மாவோடு தரையில் பாய் விரித்து, மடிக்கணினியை முக்காலியில் வைத்துப் பார்த்தபோது, அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாங்களும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கிழவி தன் பேரனை வெட்டவெளிக்கு அழைத்துப் போய், நீ பெரியவனாகி டாக்டராகும்போது நான் இருப்பேனோ என்று கேட்கும் காட்சியில் அம்மா, “கொஞ்சம் நிறுத்து” என்றார். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகுதான் மீதிப் படம்.

உங்கள் அப்பாவுக்கும் நீங்களே சொல்லுங்கள். தமிழ் சப்டைட்டில் வரும் என்று காத்திருந்தால் நாட்கள்தான் போகும். முன்கூட்டியே ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள், எந்தப் பாத்திரம் யாரைப் போலப் பேச வேண்டும் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள், அது போதும்.

பெரம்பூர் பழைய ரசிகர் எழுதியது:

அம்மா, நீங்கள் செய்த வேலைக்கு ஜப்பானில் ஒரு பெயரே உண்டு. மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்துக் கதை சொன்னவர்களை பென்ஷி என்றார்கள். நடிகர் யார் என்று பார்க்காமல், பென்ஷி யார் என்று பார்த்து டிக்கெட் வாங்கிய காலம் அது. நம் ஊர் மௌனப் படக் கொட்டகைகளிலும் திரையோரம் நின்று கதையை விளக்கிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களை நம்பித்தான் படம் பார்த்தார்கள்.

‘செவன் சாமுராய்’ எடுத்த அகிரா குரோசவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. தம்பிக்கு வெளிநாட்டுப் படங்களை அறிமுகப்படுத்தியவரே அவர்தான். பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. 1933இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பேசும் படத்தை அந்நாட்டில் நிலைநிறுத்தியவர்களில் ஒருவர் இதே கோஷோ என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தமிழர்கள் பலருக்கு ஜப்பானியப் படம் முதலில் வந்து சேர்ந்தது ஒரு தமிழ்ப் படம் வழியாகத்தான். 1950இல் வந்த ‘ராஷோமோன்’ படத்தில் ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். அந்த உத்தியின் தூண்டுதலில் எஸ். பாலசந்தர் 1954இல் ‘அந்த நாள்’ எடுத்தார், ஒரு பாட்டுகூட இல்லாமல். அந்தக் கதை நடப்பது ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டின் பின்னணியில். சிவாஜி படங்களைப் பார்க்கும் உங்கள் அப்பாவுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும், தம்பி. அவரிடம் ‘அந்த நாள்’ கதையைச் சொல்லச் சொல்லிவிட்டு ‘ராஷோமோன்’ போட்டுக் காட்டுங்கள். 88 நிமிடம்தான்.

டிவிடியை நான் கொடுத்து அனுப்புவதைவிட நேரில் கொண்டுவருவதையே விரும்புகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதிப்பட்டால் சொல்லுங்கள். தடுமாறும் இடம் எனக்குத் தெரியும், அங்கே எப்படித் தாண்ட வேண்டும் என்றும் தெரியும்.

கத்திவாக்கத்துக்காரன் எழுதியது:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். தங்கை, உங்கள் யோசனைப்படி நேற்று மாலை ‘நேக்கட் ஐலேண்ட்’ பார்த்தோம். வியாசர்பாடித் தம்பியின் படத்தை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கிறேன்.

அப்பா முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில், முட்டி வலிக்கும் என்று சொல்லியும் கேளாமல், தரையில் இறங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டார். படகில் துடுப்பு தள்ளும் காட்சி வந்தபோது, அந்தப் பெண் ஒற்றைத் துடுப்பைப் பின்பக்கம் வைத்துத் தள்ளும் முறையைக் கவனித்து, நம் ஆட்கள் கழி ஊன்றுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று கையால் காட்டி விளக்கினார். வாளி கவிழ்ந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் சொம்பில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “அந்தக் காலத்துல உங்கம்மா ரயில்வே கேட் தாண்டிப் போய்த் தண்ணி எடுத்துட்டு வருவா, உனக்குத் தெரியாது” என்றார். எனக்கு உண்மையிலேயே தெரியாது. அம்மா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு இரவு பத்து மணி வரை அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கோஷோவின் படத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஒரு தாளில் நான்கு புள்ளிகள் வைத்து, ஐயா சொன்ன சாய்சதுரத்தை வரைந்து காட்டினேன். அவர் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தாளின் ஓரத்தில் வைத்து, அதை வீடாகப் பாவித்து, இங்கிருந்து பார்த்தால் மூன்று, இங்கிருந்து பார்த்தால் இரண்டு என்று தானே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒன்றாகத் தெரியும் மூலையைக் கண்டுபிடித்ததும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்பு ஐயாவிடம் ஒன்று கேட்டு வைக்கச் சொன்னார்: அந்த நான்கு புகைபோக்கிகளுக்கும் கீழே எத்தனை பாய்லர்கள் இருந்தன?